பாக்கெட் டார்ச் வாங்கணுமா? லூமென் அப்புறம், முதல்ல தூரம்

நல்லா பளிச்சுனு எரியற சின்ன டார்ச் ஒண்ணு வேணும், வேலைக்கும் ஆகணும், எப்பவும் பாக்கெட்லயே கிடக்கணும், எத்தனை லூமென் வாங்கட்டும்னு கேக்குறவங்க நிறைய. அந்தக் கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. நீங்க பாக்க வேண்டிய பொருள் உங்க கையிலேர்ந்து எவ்ளோ தூரத்துல இருக்கும்? இதுக்கு பதில் தெரிஞ்சிருந்தா பாதி டார்ச் தானா கழிஞ்சிடும், தெரியலைன்னா பெட்டி மேல எந்த நம்பர் பெருசா இருக்கோ அதைத் தூக்கிட்டு வந்துடுவீங்க.

ஏன்னா பேனல் போர்டைத் திறந்து ஒரு முழத்துல வயர் பாக்குறவருக்கு வேண்டிய டார்ச் வேற, ராத்திரி பெரிய வளாகத்தைச் சுத்தி வர்ற செக்யூரிட்டிக்கு வேண்டியது வேற, கரண்ட் போனா படியிறங்கணும், கட்டிலுக்கு அடியில உருண்ட சாவியைத் தேடணும்ங்கிறவருக்கு வேண்டியது வேற. மூணுமே பாக்கெட்ல போடுற சைஸ்லதான் வருது, மூணு பெட்டியிலயும் 1000 லூமென்னு போட்டிருக்கலாம், ஆனா மாத்தி வாங்கிட்டா ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்கும்போதும் எரிச்சல்தான் வரும்.

லூமென்னா டார்ச் வாயிலேர்ந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு. அந்த வெளிச்சம் பரவலா போகுதா, ஒரே இடத்துல குத்துதாங்கிறதை அது சொல்லாது. அதைச் சொல்றது கேண்டெலா, நடுவுல இருக்குற ஒளி ஒரு திசையில எவ்ளோ அடர்த்தியா போகுதுங்கிறது. செடிக்குத் தண்ணி விடுற ட்யூபை நினைச்சுக்கோங்க, குழாயை எவ்ளோ திறந்தீங்களோ அது லூமென், நுனியைக் கட்டைவிரலால அமுக்கினா அதே தண்ணி எதிர்சுவர் வரைக்கும் பீச்சுதே அது கேண்டெலா. தண்ணி கூடலை, குவிஞ்சிருக்கு, அவ்ளோதான். அதனால 1000 லூமென் பரவலான டார்ச் ரூம் முழுக்க வெளிச்சம் போட்டுட்டு முப்பது நாப்பது மீட்டர்ல சோர்ந்து போகும், 500 லூமென் குவிஞ்ச டார்ச் தெருக்கோடி வரைக்கும் போய் அடிக்கும்.

நல்ல கம்பெனி டார்ச் பெட்டிகள்ல எஃப்எல்1னு ஒரு ஸ்டாண்டர்டு பேரைப் பாப்பீங்க. ஆளாளுக்கு வாய்க்கு வந்த நம்பரைப் போட்டுக்கிட்டு இருந்ததால எல்லாரும் ஒரே மாதிரி அளந்து போடணும்னு அமெரிக்காவுல 2009ல கொண்டுவந்தது, அப்புறம் திருத்தியும் இருக்காங்க. இதுல பீம் தூரம்னு ஒண்ணு மீட்டர்ல இருக்கும். லக்ஸ்ங்கிறது ஒரு பரப்பு மேல போய் விழுற வெளிச்சத்தோட அளவு, அந்த தூரத்துல அது 0.25 லக்ஸ்தான், தெளிவான வானத்துல பௌர்ணமி நிலா குடுக்குற வெளிச்சம் அளவுக்கு. அதாவது 200 மீட்டர்னு போட்டிருந்தா 200 மீட்டர்ல நிக்கிற ஆளை அடையாளம் தெரியும்னு அர்த்தம் இல்ல, அங்க என்னமோ நிக்குதுன்னு தெரிஞ்சா பெரிய விஷயம்.

கணக்கு ரொம்ப சுலபம், கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்கினா அந்த மீட்டர் வந்துடும். 10,000 கேண்டெலான்னா வர்க்கமூலம் 100, ரெண்டால பெருக்கினா 200 மீட்டர். 400 மீட்டர் வேணும்னா 20,000 போதாது, 40,000 வேணும், ஏன்னா தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணா கொறஞ்சிடும். நான் சொல்றது, பெட்டியில போட்டிருக்குற மீட்டரைப் பாதியாக்கிக்கோங்க, அங்கதான் 1 லக்ஸ் கிடைக்கும், ஒரு உருவத்தை உருவமா பாக்க அவ்ளோவாவது வேணும். சும்மா தோட்டம், பார்க்கிங், மொட்டை மாடி இதுக்கெல்லாம் 100லேர்ந்து 150 மீட்டர்னு போட்ட டார்ச்சே தாராளம்.

இப்ப அதே கணக்கைக் கிட்டத்துல போட்டுப் பாருங்க, இதைத்தான் யாரும் செய்றதில்ல. அதே 10,000 கேண்டெலா டார்ச்சை அரை மீட்டர்ல ஒரு சர்க்யூட் போர்டு மேல அடிக்கிறீங்க. அரை மீட்டரோட வர்க்கம் கால், 10,000ஐ காலால வகுத்தா 40,000 லக்ஸ். எழுதுறதுக்கு படிக்கிறதுக்கு மேசை மேல 500 லக்ஸ் இருந்தா போதும்னு சொல்லுவாங்க, வெட்டவெளியில உச்சிவெயில் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். அப்போ உங்க போர்டு மேல ஒரு கையளவு வட்டத்துக்குள்ள கிட்டத்தட்ட பாதி வெயிலை இறக்கி வச்சிருக்கீங்க. வெள்ளை லேபிள் பளபளன்னு திருப்பி அடிக்கும், கண்மணி சுருங்கிடும், அந்த வட்டத்துக்கு ரெண்டு விரல் தள்ளி இருக்குற ஸ்க்ரூ இருட்டுல மறைஞ்சிடும், வெளிச்சம் கூடக்கூட பாக்குறது கஷ்டமாகும். கிட்ட வச்சு வேலை செய்றவங்க டார்ச்சை வேற பக்கம் திருப்பி சுவத்துல பட்டு வர்ற வெளிச்சத்துல பாக்குறதை நீங்களே பாத்திருப்பீங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

அதனால கிட்டத்து வேலைக்கு 5லேர்ந்து 50 லூமென் போதும், ஆனா அது பரவலா, நடுவுல குத்தாம, ஒரே சீரா விழணும். ரூம்ல நடமாடவும் படி ஏறி இறங்கவும் 100லேர்ந்து 200. வெளிய போய் சுத்திப் பாக்க 300லேர்ந்து 500. அதுக்கு மேல உள்ளதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலைக்குத்தான், ஏதோ சத்தம் கேட்டுச்சு என்னன்னு பாக்கணும்ங்கிற மாதிரி. பாக்கெட் டார்ச்ல நான் 300 லூமெனைத் தாண்டிப் போடுறதே அபூர்வம், போட்டாலும் உடனே எறக்கிடுவேன்.

லூமென் நம்பர்ல இன்னொரு விஷயமும் இருக்கு, அது நம்ம கண்ணோட குணம். வெளிச்சம் ரெண்டு மடங்கானா கண்ணுக்கு ரெண்டு மடங்கா தெரியாது, ரெண்டு மடங்குன்னு தோணணும்னா கிட்டத்தட்ட நாலு மடங்காவது ஏத்தணும், சில பேருக்கு அதுக்கு மேலயும். 1000 லூமென் டார்ச்சுக்கும் 1200 லூமென் டார்ச்சுக்கும் பக்கத்து பக்கத்துல வச்சு அடிச்சாலே வித்தியாசம் சொல்றது கஷ்டம், தனித்தனியா குடுத்தா சுத்தமா தெரியாது. அதுக்காக கூட காசு குடுக்காதீங்க. எல்ஈடி வர்றதுக்கு முன்னாடி பல்பு காலத்துல சூர்ஃபயர் 6பின்னு ஒரு டார்ச் ரொம்ப பிரபலம், போலீஸ்காரங்க வரைக்கும் வச்சிருந்தது, அதோட வெளிச்சம் 65 லூமென்தான். அதை வச்சுக்கிட்டு ராத்திரி டூட்டி பாத்திருக்காங்க.

சரி, பெட்டியில 1000 லூமென், 3 மணி நேரம்னு போட்டிருக்கு. படிக்கிறவங்க எல்லாரும் 1000 லூமென்ல 3 மணி நேரம் எரியும்னுதான் எடுத்துக்குவாங்க. இல்ல. எஃப்எல்1 கணக்குப்படி வெளிச்சத்தை அளக்குறது டார்ச்சைப் போட்டு 30 செகண்டுக்கு அப்புறம், எரியுற நேரத்தை எண்ணுறது அந்த வெளிச்சம் பத்து சதவீதமா குறையுற வரைக்கும். அதாவது முதல் ரெண்டு மூணு நிமிஷம் 1000, அப்புறம் சடார்னு 300க்கு எறங்கி அங்கயே ரெண்டரை மணி நேரம் ஓடி, கடைசியில 100 லூமென் ஆகுற வரைக்கும் எண்ணி 3 மணி நேரம்னு போட்டா அது பொய் இல்ல, ஸ்டாண்டர்டு படிதான். ஆனா நீங்க வாங்குனது உண்மையில 300 லூமென் டார்ச், மேல கொஞ்சம் போனஸ்.

ஏன் எறங்குதுன்னா சூடு. எல்ஈடிக்குள்ள போற கரண்ட்ல பாதிக்கு மேல சூடாத்தான் போகுது, மீதிதான் வெளிச்சம். தோராயமா ஒரு வாட்டுக்கு 100 லூமென்னு வச்சுக்கோங்க, இது சிரமமில்லாத கணக்கு, அப்போ 1000 லூமெனுக்கு 10 வாட் வேணும். விரல் நீள அலுமினியக் குழாய்க்குள்ள 10 வாட்டை ஓட்டினா ரெண்டு மூணு நிமிஷத்துல கையில பிடிக்க முடியாத சூடு வந்துடும், அதனால உள்ள இருக்குற சர்க்யூட்டே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். உடம்பு எவ்ளோ சின்னதோ அவ்ளோ சீக்கிரம் எறங்கும். கட்டைவிரல் சைஸ் டார்ச்ல 1500 லூமென்னு போட்டிருந்தா அது அரை நிமிஷம் ஒரு நிமிஷத்து வித்தைன்னு புரிஞ்சுக்கோங்க, தப்பில்ல, தெரிஞ்சு வாங்குங்க.

இதே கணக்கை பேட்டரிப் பக்கத்துலேர்ந்தும் போடலாம், டுபாக்கூர் டார்ச்சைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்ல. 18650ங்கிற செல் இருக்கு, 18 மில்லிமீட்டர் அகலம் 65 மில்லிமீட்டர் நீளம், பேருலயே சைஸ் இருக்கு. எம்ஏஹெச்ங்கிறது செல் எவ்ளோ சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு, இதுல நல்ல செல் 3500 எம்ஏஹெச், அதாவது 3.5 ஆம்பியர் அவர் குடுக்கும், 3.6 வோல்ட்டால பெருக்கினா சுமார் 12.6 வாட் அவர், 12.6 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டலாம். வாட்டுக்கு 100 லூமென் கணக்குல மொத்தம் 1260 லூமென் மணி. அதை 1000 லூமென்ல செலவழிச்சா ஒண்ணேகால் மணி நேரம், 300ல செலவழிச்சா நாலு மணி நேரம் சொச்சம், 100ல பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல. இப்போ யாராவது ஒரு 18650 போட்டு 5000 லூமென் 10 மணி நேரம்னு விளம்பரம் குடுத்தா பேப்பர் பேனாகூட வேணாம், மனசுலயே சிரிச்சுட்டு அடுத்ததைப் பாக்கலாம். 18650 செல் மேலயே 9900 எம்ஏஹெச்னு அச்சடிச்சு விக்கிறாங்க, அந்த சைஸுக்குள்ள அவ்ளோ அடங்காது, அந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுன செல் பெரும்பாலும் நல்ல செல்லோட பாதிகூட தேறாது. ஒரு லட்சம் லூமென்னு போடுற டார்ச்சுக்கு ஆயிரம் வாட் வேணும், அது உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் ரேஞ்சு, அதைப் பாக்கெட்ல போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலோட ரன்டைம் கிராஃப் கிடைச்சா பாருங்க, கீழ நேரம், பக்கத்துல வெளிச்சம், கோடு எப்படிப் போகுதுன்னு. மேலேர்ந்து விழுந்து அப்புறம் நேர்கோடா மேசை மாதிரி ரொம்ப நேரம் போனா டிரைவர், அதாவது எல்ஈடிக்குக் கரண்டை அளந்து விடுற சர்க்யூட், நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆரம்பத்துலேர்ந்தே சறுக்கிக்கிட்டே போனா பேட்டரி எறங்க எறங்க வெளிச்சமும் எறங்கும், வேலை நடுவுல மங்கிக்கிட்டே வரும். அந்த நேர்கோடு எந்த லூமென்ல நிக்குதோ அதுதான் அந்த டார்ச்சோட உண்மையான நம்பர், மூணு டார்ச்சை ஒப்பிடணும்னா அதை வச்சு ஒப்பிடுங்க.

பேட்டரி எதுங்கிறதுதான் டார்ச்சோட சைஸையே முடிவு பண்ணும். டபுள் ஏ செல் போடுற டார்ச் ஒல்லியா இருக்கும், செல் எங்க வேணா கிடைக்கும், சட்டைப் பாக்கெட்ல பேனா மாதிரி நிக்கும், ஆனா வெளிச்சம் 100, 200ல முடிஞ்சிடும், கிட்டத்து வேலைக்கு அதுவே நிறைய. ட்ரிபிள் ஏ இன்னும் சின்னது, சாவிக்கொத்துக்கு. 18650 போட்டா உடம்பு ரெண்டரை சென்டிமீட்டர் தடிமன் வரும், பேன்ட் பாக்கெட்ல போட்டா இருக்குறது தெரியும், ஆனா ஒரு நாள் முழுக்க வேலை பாத்தாலும் சார்ஜ் நிக்கும். 21700ன்னு அதைவிடப் பெருசு, 5000 எம்ஏஹெச்சும் அதுக்கு மேலயும் வருது, செல்லே 70 கிராம் எடை, அதை பெல்ட்ல உறை போட்டு மாட்டுறவங்க வாங்கலாம், பாக்கெட்டுக்கு எனக்கு அது ஜாஸ்தி. நடுவுல 14500ன்னு ஒண்ணு, சைஸ் டபுள் ஏதான், ஆனா லித்தியம் அயன், முழு சார்ஜ்ல 4.2 வோல்ட். ரெண்டும் ஏத்துக்கும்னு எழுதியிருக்குற டார்ச்ல மட்டும் போடுங்க, 1.5 வோல்ட் டார்ச்ல 14500ஐ போட்டா ஒரு செகண்ட் பிரமாதமா எரிஞ்சுட்டு சர்க்யூட் போயிடும்.

அல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ள போட்டு மாசக்கணக்குல மறந்துடாதீங்க. அது கசியும், அந்தக் கசிவு உள்ள ஸ்பிரிங்கை அரிச்சு, திருகுற இடத்துல இறுகிப் போய், செல்லை வெளிய எடுக்கவே முடியாம பண்ணிடும், நல்ல டார்ச் நிறைய இப்படித்தான் செத்துப் போகுது. தினமும் பயன்படுத்துறீங்கன்னா ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், எமர்ஜென்சிக்குன்னு வண்டியிலயோ பையிலயோ போட்டு வைக்கிறீங்கன்னா ரீசார்ஜ் பண்ண முடியாத லித்தியம் டபுள் ஏ, அது வருஷக்கணக்கா கிடக்கும், கசியுறதும் அபூர்வம்.

டார்ச்லயே யூஎஸ்பி சி சார்ஜிங் இருந்தா வசதிதான், ரெண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கோங்க. ஒண்ணு, ரெண்டு பக்கமும் சி இருக்குற கேபிள்ல சார்ஜ் ஏறுதா? சில டார்ச்ல உள்ள வைக்க வேண்டிய ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சிருப்பாங்க, அதனால போன் சார்ஜரோட சி டு சி கேபிளைக் குத்தினா அசையாது, ஒரு முனை பழைய ஏ டைப் இருக்குற கேபிள்தான் வேணும், டார்ச் ரிப்பேர்னு நெனச்சு திருப்பி அனுப்புறவங்க நிறைய. ரெண்டாவது, செல்லை நாமளே மாத்த முடியுமா, மாத்தினா பொதுவா கிடைக்கிற செல் சேருமா? சில கம்பெனி ப்ளஸ் மைனஸ் ரெண்டையும் ஒரே முனையில வச்சு தனக்குன்னு ஒரு செல் பண்ணுது, அது செத்தா அவங்ககிட்டதான் போகணும். செல்லு உள்ளயே ஒட்டி வச்சிருக்குற சாவிக்கொத்து டார்ச்சுல நாலஞ்சு வருஷத்துல பேட்டரி போனா டார்ச்சும் போச்சு, அதை வாங்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வருத்தம் இல்ல.

லித்தியம் அயன் செல்லை சாவி, சில்லறை கிடக்குற பாக்கெட்ல தனியா போடவே கூடாது, ரெண்டு முனையும் ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும். விமானத்துல போறப்போ உதிரி லித்தியம் செல் கைப்பையில வரணும், செக் இன் பெட்டியில போடக் கூடாது, இது உலகம் பூரா ஒரே விதி.

வெளிச்சத்தோட நிறத்தைப் பத்தி யாரும் ஆரம்பத்துல யோசிக்கிறதில்ல, ஆனா வேலைக்கு வாங்குறவங்களுக்கு லூமெனைவிட இது முக்கியம்னு நான் சொல்லுவேன். சிஆர்ஐன்னு ஒரு நம்பர் இருக்கு, 100க்கு எவ்ளோங்கிற மாதிரி, அந்த வெளிச்சத்துல நிறங்கள் எவ்ளோ சரியா தெரியுதுன்னு. சாதாரண டார்ச் எல்லாம் 70ஐ ஒட்டி இருக்கும், நல்லதுன்னா 90க்கு மேல. 70 டார்ச்ல சிவப்பு வயரும் பிரவுன் வயரும் ஒண்ணுபோல தெரியும், கருப்பும் கருநீலமும் ஒண்ணாகும், இன்ஜினுக்கு அடியில ஒழுகுறது ஆயிலா கூலன்டா துரு கலந்த தண்ணியான்னு நிறத்தை வச்சு சொல்ல முடியாது, நோயாளியோட தோல் நிறத்தைப் பாக்குறவங்களுக்கு எல்லாருமே வெளிறிப்போய் தெரிவாங்க. அதே இடத்துல 90 டார்ச்சை அடிச்சா சிவப்பு சிவப்பா எழும்பி வரும், பாத்தவுடனே தெரியுற வித்தியாசம். சில கம்பெனி ஆர்9னு தனியா ஒரு நம்பர் போடும், அது அடர்சிவப்பு எவ்ளோ நல்லா தெரியுதுங்கிறது, அது ஜாஸ்தியா இருந்தா இன்னும் நல்லது. நிச்சியாங்கிற ஜப்பான் கம்பெனியோட 519ஏங்கிற எல்ஈடி இந்த விஷயத்துல டார்ச் பைத்தியங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு நஷ்டம் இருக்கு, சிஆர்ஐ ஏற ஏற அதே பேட்டரிக்கு லூமென் கொஞ்சம் குறையும், பெட்டி மேல நம்பர் சின்னதா தெரியும், அதனாலயே நிறைய கம்பெனி இதைப் பண்றதில்ல.

கெல்வின்ங்கிறது வேற, அது வெளிச்சம் நீலமா மஞ்சளாங்கிறது. 6500 நீலம் பாய்ஞ்ச வெள்ளை, பனி மூட்டத்துலயும் தூசியிலயும் முகத்துக்கு முன்னாடி வெள்ளைச் சுவர் கட்டின மாதிரி திருப்பி அடிக்கும். 4000லேர்ந்து 5000 நடுநிலை, வேலைக்கு அதுதான் என் சாய்ஸ். 3000 பழைய பல்பு மஞ்சள், ராத்திரி படுக்கை பக்கத்துல கண்ணை உறுத்தாம இருக்கும்.

முன்னாடி இருக்குற கண்ணாடிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. வழவழன்னு ஆழமான கிண்ணம் மாதிரி ரிஃப்ளெக்டர் இருந்தா தூரம் போகும், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியா இருந்தா கொஞ்சம் கலந்து விழும், கண்ணாடி மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் லென்ஸ் இருந்தா அதோட வடிவத்தைப் பொறுத்து, பெரும்பாலும் பாக்கெட் டார்ச்சுக்கு இதுதான் நல்லா ஒத்து வரும். முன்னாடி இழுத்து பின்னாடி தள்ளுற ஜூம் டார்ச் பாக்க ஆசையா இருக்கும், ஆனா குவிக்கும்போது வெளிச்சத்துல பெரும்பகுதி உள்ளயே வீணாகுது, அந்த இழுக்குற இடத்துல தண்ணியும் தூசியும் போக வழி இருக்கு, தண்ணி படாத இடத்துல ரெண்டு தூரத்துலயும் மாறி மாறி வேலை இருக்குறவங்களுக்கு வேணா சரி.

சுவிட்ச் விஷயத்துல சண்டையே நடக்கும். பின்னாடி பட்டன் இருந்தா இருட்டுல தடவாம கட்டைவிரல் அங்க போயிடும், கிளவுஸ் போட்டாலும் அமுக்கலாம். பக்கவாட்டு பட்டன்னா பேனா மாதிரி பிடிச்சு வேலை செய்ய வசதி, மோடு மாத்த சுலபம், ஆனா பட்டன் எங்க இருக்குன்னு இருட்டுல தேடணும். எதா இருந்தாலும் கேக்க வேண்டியது, முதல் அமுக்குல எந்த வெளிச்சம் வருது? கிட்டத்து வேலைக்காரங்களுக்கு சின்ன வெளிச்சத்துல ஆரம்பிக்கணும், இல்ல கடைசியா விட்ட மோடை ஞாபகம் வச்சிருக்கணும். பட்டனை அழுத்திப் பிடிச்சா நேரா மிகக் குறைஞ்ச வெளிச்சம், ரெண்டு தடவை அமுக்கினா நேரா அதிகபட்சம், இப்படிக் குறுக்குவழி இருந்தா வேற எதுவும் வேணாம். லோ, மீடியம், ஹை, வேகவேகமா சிமிட்டுற ஸ்ட்ரோப், உதவி கேட்டு சிமிட்டுற எஸ்ஓஎஸ்னு எல்லாத்தையும் ஒரே வரிசையில கோத்து வச்சிருக்குற டார்ச்சை எனக்குக் கண்டாலே ஆகாது, ஹையிலேர்ந்து லோவுக்கு வர்றதுக்குள்ள மூஞ்சியில டிஸ்கோ அடிச்சிட்டுப் போகும்.

மிகக் குறைஞ்ச வெளிச்சம்னு சொன்னேன்ல, மூன்லைட்னு பேரு போட்டிருக்கும், ஒரு லூமெனுக்கும் கீழ. கடையில வெளிச்சத்துல போட்டுப் பாத்தா எரியுதான்னே தெரியாது, இதுக்கு எதுக்கு ஒரு மோடுன்னு தோணும். ஆனா கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபதுலேர்ந்து முப்பது நிமிஷம் ஆகும், நடுராத்திரி எழுந்தவருக்கு அந்த அரை லூமெனே பாதை காட்டும், பக்கத்துல தூங்குறவங்க அசைய மாட்டாங்க, 200 லூமென் போட்டா நீங்களே கண்ணை மூடிக்குவீங்க. பேட்டரியும் நாள்கணக்குல, சிலதுல வாரக்கணக்குல நிக்கும்.

குறைஞ்ச மோடுல இன்னொண்ணு பாருங்க. சில டார்ச் வெளிச்சத்தைக் குறைக்க எல்ஈடியை வேகவேகமா அணைச்சுப் போட்டுக்கிட்டே இருக்கும், பிடபிள்யூஎம்னு சொல்லுவாங்க. கையை வெளிச்சத்துல விசுக்குனு ஆட்டினா தொடர்ச்சியா தெரியாம விரல் விரலா நிறைய தெரியும், போன் கேமராவுல கோடு கோடா ஓடும். சிலருக்குத் தலைவலி வரும். மெஷின் பக்கத்துல வேலை செய்றவங்களுக்கு இது வெறும் தொந்தரவு இல்ல, சுத்துற பிளேடோட வேகமும் சிமிட்டலும் ஒத்துப் போச்சுன்னா பிளேடு நிக்கிற மாதிரியோ மெதுவா சுத்துற மாதிரியோ தெரியும், கை வைக்கிற அளவுக்கு நம்பிடலாம். கரண்டை சீரா குறைக்கிற டார்ச்சா பாத்து வாங்குங்க.

வேலை இடம்னு வந்தா ஒரே ஒரு விஷயத்துல மட்டும் விளையாடக் கூடாது. பெட்ரோல் ஆவி, கேஸ், மாவுத்தூசி, தானியத்தூசி பறக்குற இடத்துல வேலைன்னா மேல சொன்னது எதுவும் செல்லாது, அங்க தீப்பொறி வராத மாதிரி சோதிச்சு சான்று வாங்கின டார்ச் மட்டும்தான் கொண்டு போகணும், ஏடெக்ஸ்ங்கிற ஐரோப்பிய முத்திரை மாதிரி ஒண்ணு அதுல இருக்கும், எந்த வகுப்பு வேணும்னு உங்க சேஃப்டி ஆபீசர்கிட்ட கேட்டுக்கோங்க. அந்த டார்ச்ல லூமென் கம்மியா இருக்கும், பரவாயில்ல.

மத்தபடி தண்ணி தாங்குமாங்கிறதுக்கு ஐபிஎக்ஸ்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், ஐபிஎக்ஸ் 4ன்னா தூறல் தாங்கும், 7ன்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் கிடக்கலாம், 8 அதுக்கும் மேல, எக்ஸ் இருக்குற இடத்துல 6 இருந்தா தூசியும் உள்ள போகாது. விழுந்தா தாங்குமாங்கிறதுக்கு மீட்டர்ல ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, 1 மீட்டர்னா இடுப்பு உயரத்துலேர்ந்து கான்கிரீட் தரையில விழுந்தாலும் எரியும். பின்னாடி காந்தம் இருந்தா இரும்புல ஒட்ட வச்சுட்டு ரெண்டு கையாலயும் வேலை பாக்கலாம், மெக்கானிக்குக்கு இது ஒண்ணுக்காகவே ஒரு டார்ச்சை வாங்கலாம், ஆனா இரும்புத்தூள் எல்லாம் அதுல போய் அப்பிக்கும், நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்குறவங்க மேல்சட்டைப் பாக்கெட்ல அதைப் போடக் கூடாது. ரெண்டு பக்கமும் மாட்டுற கிளிப் இருந்தா தொப்பி விளிம்புல மாட்டி ஹெட்லைட் ஆக்கிக்கலாம். நாள் பூரா ரெண்டு கையும் வேலையில இருக்குறவங்களுக்கு நேரா ஹெட்லேம்ப்தான், பாக்கெட் டார்ச் அதுக்குத் துணை.

பாக்கெட்ல தானா ஆன் ஆகுறதை சாதாரணமா நினைக்காதீங்க. அதிக லூமென் டார்ச் துணிக்குள்ள எரிஞ்சா லென்ஸ் முன்னாடி துணி கருகும், தொடை சுடும். பூட்டுற வசதி இருக்கான்னு பாருங்க, நாலஞ்சு தடவை அமுக்கினா பூட்டிக்கும், இல்லைன்னா பின் மூடியைக் கால் சுத்து தளர்த்தி விட்டா பல டார்ச்ல கரண்ட் துண்டாயிடும், பையில போடுறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சுடுங்க.

புதுசு வந்ததும் ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுட்டு வெள்ளைச் சுவத்துல ஒவ்வொரு மோடா அடிச்சுப் பாருங்க, நடுவுல மஞ்சள் வளையமோ பச்சை பாய்ஞ்ச வெள்ளையோ இருக்கான்னு தெரியும். அடுத்து உங்க உள்ளங்கையில அடிச்சுப் பாருங்க, பொணத்து நிறத்துல தெரிஞ்சா சிஆர்ஐ மட்டம். அப்புறம் அதிகபட்சத்துல போட்டு கையில பிடிச்சுக்கிட்டே இருங்க, எப்போ சூடாகுது, எப்போ எறங்குதுன்னு தெரியும். கடைசியா நீங்க தினமும் பாக்குற பொருளை, பேனலோ பைக் இன்ஜினோ எதுவோ, வழக்கமான தூரத்துல வச்சு குறைஞ்ச மோடுல பாருங்க. அதுல கண்ணு கூசாம எல்லாம் தெரிஞ்சா வச்சுக்கோங்க, தெரியலைன்னா திருப்பி அனுப்புற நாள் முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க.